மருத்துவம் கற்குமுன் பொதுச் சுகாதாரம் கற்கலாமா?

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத மாணவனுக்கு அறிவுரை கூற ஆளுக்குப் பஞ்சமில்லை. விலங்கியல் பட்டம் பெற்றுவிட்டு, கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் என் தந்தையாரின் மளிகைக் கடையில் நான் அமர்ந்திருந்த நாட்களில் வந்த அறிவுரைகளுள் ஒன்று இது: "முதலில் பொதுச் சுகாதாரத்தில் எம்.பி.எச். படி, மருத்துவக் கல்லூரிக் கதவு தானே திறக்கும்." சொன்னவர் கல்லூரிச் சேர்க்கைத் தரகர் ஒருவர்.

தந்தையார் என்னைக் கேட்டார்: "மக்களே, ரெண்டு வருஷம் இதைப் படிச்சா டாக்டர் சீட்டு உறுதிதானா?"

உறுதி என்றேன். அது தவறு. அத்தவற்றை நம் சங்கத் தோழர் வேறெவரும் செய்யாதிருக்க வேண்டும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் மாணவர்கள் பொதுவாக நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பின்னரே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். அங்கே நுழைவுத் தேர்வோடு கல்லூரி மதிப்பெண், தொண்டு, ஆராய்ச்சி, நேர்காணல் ஆகியவற்றையும் எடைபோடுகிறார்கள். ஆதலால் இடையில் பெறும் எம்.பி.எச். ஓரளவு துணைசெய்யக் கூடும். நம் நாட்டு முறை வேறு. மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கற்றவர் நீட் தேர்வு எழுதுகிறார். 720க்கு அவர் பெறும் மதிப்பெண்ணும், அவருக்குரிய இட ஒதுக்கீடுமே எம்.பி.பி.எஸ். இடத்தை முடிவு செய்கின்றன. எம்.பி.எச். பட்டத்துக்கு அங்கே ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. 2022இல் உச்ச வயது வரம்பு நீக்கப்பட்டதால், அதை முடித்த பின்னும் தேர்வெழுதலாம் என்பதே ஆறுதல்.

காலக் கணக்கையும் பாருங்கள். எம்.பி.எச். 2 ஆண்டு, எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக 1 ஆண்டு. ஆக, இடம் உடனே கிடைத்தாலும் ஏழரை ஆண்டு! அன்றியும், புள்ளியியலில் மூழ்கிய இரண்டாண்டில் இயற்பியல் மறந்தே போகிறது. இதை நான் பட்டறிந்து சொல்கிறேன்.

நம் நாட்டில் பெரும்பாலும் வழக்கம் தலைகீழ். இந்நகரில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் எம்.பி.எச். கற்பித்து வருகிறது. மருத்துவப் பட்டம் பெற்ற பின் பலர் நாடும் படிப்பு அது. எல்லாப் பட்டதாரிகளையும் எல்லா நிறுவனங்களும் சேர்ப்பதில்லை என்பதையும் மறவாதீர்கள்.

அப்படியானால் அந்த இரண்டாண்டும் வீணா? இல்லை என்பேன்.

ஓர் எடுத்துக்காட்டு. கேரளத்தில் மழைக்காலந்தோறும் எலிக்காய்ச்சல் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் உள்ள கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியாக உடலில் புகுகிறது. மருத்துவர் காய்ச்சலைக் கண்டறிந்து மருந்து தருகிறார், நோயாளி பிழைக்கிறார். பொதுச் சுகாதாரம் கற்றவனோ மேலும் சில கேள்விகளைக் கேட்கிறான். இவர் என்ன தொழில் செய்கிறார்? எந்த நீரில் நின்றார்? காலுறையும் கையுறையும் கொடுத்தது யார்? சாக்கடையில் இறங்குமுன் டாக்சிசைக்ளின் மாத்திரை கிடைத்ததா? தெருக்குப்பையை அள்ளியிருந்தால் எலி பெருகியிருக்குமா? முதற்கேள்வி ஒருவரைக் காக்கிறது. பின்னவை ஒரு தெருவையே காக்கின்றன.

2024 ஜூலையில் தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரம். எந்த மருத்துவமனையும் அந்த உயிரைக் காத்திருக்க முடியாது. குப்பையைத் தோட்டில் எறியாத ஊர் காத்திருக்கும்.

இது புதிய அறிவன்று. 1813இல் திருவிதாங்கூர் அரசி கௌரி லட்சுமி பாய் அம்மைத் தடுப்பூசியைக் கொண்டுவந்தபோது, குடிகளின் அச்சம் நீங்கத் தாமே முதலில் குத்திக்கொண்டார். வள்ளுவரின் 'மருந்து' அதிகாரத்தைப் புரட்டுங்கள். பத்துக் குறளில் பெரும்பாலானவை பேசுவது உணவின் அளவைப் பற்றியே! வருமுன் காத்தல் நம் மரபிலேயே உள்ளது.

எனவே தோழர்களே, நான் கூற விரும்புவது இவ்வளவே. மருத்துவ இடத்துக்கு ஏணியாக எண்ணி எம்.பி.எச். சேராதீர்கள். 'இத்தெருவில் இத்தனை பேருக்கு ஏன் இந்நோய்?' என்னும் கேள்வி உங்களை உறங்கவிடாது செய்தால் சேருங்கள். சேருமுன், எம்.பி.பி.எஸ். கிடைக்காமலே போனாலும் இப்படிப்பைக் கொண்டு வாழ்வேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சுகாதார அலுவலர் பதவிக்கு மருத்துவப் பட்டமும் வேண்டும். மற்றவர்க்கு ஆராய்ச்சித் திட்டங்களும் தொண்டு நிறுவனங்களுமே பெரிதும் வழி.

நான் இப்போது பகலில் அத்தகைய திட்டமொன்றில் வேலை செய்கிறேன்; இரவில் இயற்பியலை மீண்டும் கற்கிறேன். தந்தையாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, கடை வாசலில் தேங்கிய நீரைக் காட்டி, "படிச்ச வரைக்கும் இதுக்கு ஒரு வழி சொல்லு, மக்களே" என்றார்.

அன்றே மண்வெட்டி எடுத்தேன். இடம் கிடைத்தால் நல்ல மருத்துவனாவேன். கிடைக்காவிடினும் அந்த நீர் இனித் தேங்காது.