கழிவுநீரில் உறங்கும் கனல்

முன்னுரை

'கழிவு' என்னும் சொல் 'கழி' என்னும் வினையடியாகப் பிறந்தது. பயன்கொண்டபின் விலக்கப்படுவதையே அச்சொல்லால் குறிக்கிறோம். உணவு ஆலைகள் வெளியேற்றும் நீருக்கு இப்பெயர் பொருந்துமா என்பதைச் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நீரின் இயல்பு

மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து அரைத்து, மாவுப்பாலைத் தொட்டிகளில் தேக்கி மாவைப் படியவிடுவர். மேலே தெளியும் நீர் வெளியேற்றப்படும். அதில் மாவுச்சத்தின் எச்சமும், கிழங்கினின்று வரும் சயனைடு நஞ்சும் கலந்துள்ளன. தேங்கினால் அது விரைவில் புளித்து நாறும். ஓடையிற் கலப்பின் நீரின் உயிர்வளியைக் குறைத்து மீன்களை மாய்க்கும். நிலத்திற் சுவறின் கிணற்றைக் கெடுக்கும். ஓர் ஆலையின் ஊதியம் அயலார் கிணற்றின் இழப்பாதல் முறையன்று.

வாயு பிறக்கும் முறை

இந்நீரைக் காற்றுப் புகாத கலனில் செலுத்தினால் நுண்ணுயிரிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாகச் சிதைக்கின்றன. சர்க்கரை அமிலங்களாகிறது. அவ்வமிலங்கள் அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற, இறுதியில் வேறொருவகை நுண்ணுயிரிகள் அவற்றினின்று மீத்தேனை ஆக்குகின்றன. இவை மெல்லப் பெருகுபவை; புளிப்பைப் பொறாதவை. ஆதலின் பி.எச். அளவு 7-ஐயும், வெப்பம் 35 டிகிரி செல்சியஸையும் ஒட்டியிருத்தல் நன்று. நீரை அளவின்றிச் செலுத்தினால் அமிலம் மிகுந்து கலன் செயலிழக்கும்.

1970-களில் நெதர்லாந்து அறிஞர் கேட்சே லெட்டிங்காவும் குழுவினரும் சர்க்கரைக் கிழங்கு ஆலையின் கழிவுநீரைக் கொண்டு ஒரு கலனை உருவாக்கினர். அதில் நீர் அடியிலிருந்து நுழைந்து, நுண்ணுயிரிகள் செறிந்த கசடுப் படுகையினூடே மேலெழும்; வாயு உச்சியில் சேரும். உணவு ஆலைகள் பலவற்றில் இம்முறை இன்று வழங்குகிறது.

பயனும் பொறுப்பும்

நீரின் மாசினை 'வேதி ஆக்சிஜன் தேவை' என்னும் அளவையால் கணிப்பர். அதில் ஒரு கிலோகிராம் நீங்கினால் ஏறத்தாழ 350 லிட்டர் மீத்தேன் கிடைக்கும். அதனைக் கொண்டு ஜவ்வரிசியை வறுக்கலாம், மின்சாரமும் ஆக்கலாம். எந்திரத்தை அரிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை முன்னரே நீக்குதல் வேண்டும்.

திறந்த குட்டையில் தேக்கினாலும் மீத்தேன் பிறக்கவே செய்யும். ஆங்கு அது வானிற் கலந்து, நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவினும் ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமாக்கும். அதனைப் பிடிப்பதும் விடுவதும் நம் கையில் உள்ளன.

முடிவுரை

கலனைவிட்டு வெளிவரும் நீர் முழுத் தூய்மை பெற்றதன்று. காற்றூட்டி, ஆய்ந்து பார்த்த பின்னரே வயலுக்கு விடல் வேண்டும். வாயுவை மட்டும் எடுத்துக்கொண்டு நீரை மறந்தால் பணி பாதியே நிறைவுறும். அடுப்பெரிய வாயுவும் கிணற்றுக்குத் தீங்கில்லா நீரும் ஒருங்கே கிடைக்கும்பொழுதே 'கழிவு' என்னும் பெயர் அந்நீரைவிட்டு நீங்கும்.