சொல்மேகம் காட்டுவதும் மறைப்பதும்

ஒரு பனுவலில் மிகுதியாகப் பயின்றுவரும் சொல்லைப் பெரிய எழுத்திலும், அருகி வருவதைச் சிறிய எழுத்திலும் அமைத்துத் திரளாகக் காட்டும் படம் சொல்மேகம் எனப்படும். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், பாரிஸ் நகர மக்கள் தம் நகரின் அடையாளங்களாகக் குறிப்பிட்ட இடங்களின் பெயர்களை, குறிப்பிட்டோர் எண்ணிக்கைக்கேற்பச் சிறிதும் பெரிதுமாக அமைத்து 1976-இல் வெளியிட்டார். 2008-இல் ஜொனாதன் ஃபைன்பெர்க் உருவாக்கிய 'வேர்டில்' என்னும் இணையச் செயலி, இம்முறையை வகுப்பறைகளுக்குள் கொண்டுவந்தது.

சொற்களை எண்ணித் தொகுக்கும் பணி தமிழுக்குப் புதியதன்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஆயினும், சொல்லடைவு ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என்று இடஞ்சுட்டும். சொல்மேகமோ எத்துணை முறை வருகிறது என்பதை மட்டுமே உணர்த்தும். இவ்வேறுபாட்டை மறந்தால் படம் வெறும் அலங்காரமாகிவிடும்.

மேட்டூர்ப் பள்ளியொன்றில் பதினோராம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் 'எங்கள் அணை' என்னும் தலைப்பில் பத்து வரிகள் எழுதுவதாகக் கொள்க. அவற்றைத் தொகுத்துச் செயலியில் இட்டால் முதலில் கிடைப்பது ஏமாற்றமே. 'ஒரு', 'என்று', 'உள்ளது' ஆகியவை நடுவில் வீற்றிருக்கும். அவற்றை நீக்கிய பின்னரும் சிக்கல் தீராது. அணை, அணையை, அணையின், அணையிலிருந்து என உருபேற்ற ஒவ்வொரு வடிவத்தையும் கருவி தனிச்சொல்லாகவே எண்ணும். தமிழின் ஒட்டுநிலை இயல்பை அது அறியாது.

பாடம் இங்கேதான் தொடங்குகிறது. மாணவர் குழுக்களாக அமர்ந்து, உருபுகளைப் பிரித்து, எண்ணிக்கையைத் தாமே கூட்ட வேண்டும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த பகுபத உறுப்பிலக்கணம் அப்போது கைக்கருவியாகிறது. 'நிரம்பியது', 'நிரம்பவில்லை', 'நிரம்பாத' ஆகிய மூன்றுக்கும் பகுதி 'நிரம்பு' என்பதே. மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் 'நிரம்பு' பெருத்து நிற்கும். அணை வறண்ட ஆண்டுகளைக் கவலையோடு எழுதிய மாணவரின் குரல் அதற்குள் மறையும். எதிர்மறையைத் தனியே நிறுத்துவதா, சேர்ப்பதா என்பதைக் குழுவே வாதிட்டு முடிவுசெய்தல் நன்று. ஆசிரியர் உடனே விடை கூறிவிடலாகாது.

தொடர்கள் சிதைவதும் உண்டு. உபரிநீர் வெளியேறும் 'பதினாறு கண் மதகு' மூன்று துண்டாகி, 'கண்' மட்டும் தனியே மிதக்கும். படத்தை மட்டும் காண்பவர் அதனை உடலுறுப்பென்றே கொள்வர். சொற்களைப் பிரித்து எழுதுவதால் பொருள் மாறும் என்பதை இதனினும் வேடிக்கையாக உணர்த்துதல் அரிது.

திருத்திய மேகத்தில் நீர், காவிரி, பாசனம், டெல்டா, மின்சாரம் ஆகியவை பெரிதாகத் தோன்றக்கூடும். குறுவைச் சாகுபடிக்கு வழக்கமாக நீர் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் நாளும், முழு நீர்மட்டமான 120 அடியும் எண்களாக இடம்பெறலாம். 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவுற்ற அணையைப் பற்றி ஊரார் பேசும் சொற்கள் இவையே. ஒரே ஒரு மாணவி 'பண்ணவாடி' என்று ஒருமுறை எழுதியிருந்தால், அச்சொல் ஓரத்தில் படிக்க இயலாத அளவில் நிற்கும்; பல கருவிகள் அதனை விட்டேவிடும். அணைக்காக நீரில் மூழ்கிய ஊர்களின் எச்சங்களான நந்தி சிலையும் கிறித்தவ ஆலயக் கோபுரமும், நீர்மட்டம் தாழும்போது வெளித்தெரிவது பண்ணவாடியில்தான். வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டதனால் அம்மாணவி அதனை எழுதியிருக்கலாம். ஒருமுறை மட்டும் வந்த சொற்களைத் தனித்தாளில் எழுதி மேகத்தின் அருகில் ஒட்டச்செய்து, எழுதியவரையே அவற்றைப் பற்றிப் பேசச் செய்தல் வேண்டும்.

அணையில் மீன்பிடிப்போர் ஒருவரிடமும் பாசன உழவர் ஒருவரிடமும் உரையாடி, அவர்தம் சொற்களைக் கொண்டு இரு சொல்மேகங்களை மாணவர் கையாலேயே வரைக. இரண்டிலும் 'நீர்' என்னும் சொல்லின் அருகே எச்சொற்கள் அமைந்துள்ளன என ஒப்பிட்டு எழுதுக.