கோட்டையை வாசிக்கும் முறை

வரலாற்றுப் பாடத்தில் கோட்டைகள் ஒரு பட்டியலாகவே வருகின்றன. கட்டியவர் யார், கைப்பற்றியவர் யார், ஆண்டு எது என மனனம் செய்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் கோட்டை என்பது நேரில் நின்று வாசிக்க வேண்டிய ஒரு நூல்.

பிரான்ஸில் கோடை வந்தால், படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டிகளில் குடும்பங்கள் லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகளைச் சுற்றிப் பார்ப்பதுண்டு. எங்களுக்கு வாய்த்தது ஒரு வாடகை வேன். கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் பாய், தலையணை, கேஸ் அடுப்பு, அரிசி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நோட்டன் பிரிட்ஜிலிருந்து புறப்பட்டோம். முதலில் காலி, பிறகு யாழ்ப்பாணம். அங்கே மூன்று கேள்விகள் எனக்குத் துணையாயின.

முதலாவது, இக்கோட்டை எந்தத் திசைக்கு அஞ்சியது? காலிக் கோட்டையின் மூன்று பக்கமும் கடல். ஆனால் சூரியன், சந்திரன், நட்சத்திரம் எனப் பெயர் பெற்ற மூன்று பெரிய கொத்தளங்களும் தரைப்பக்கத்தில் உள்ளன. கடல் வழியே வந்தவர்கள் தரையில் இருந்தவர்களுக்கே அதிகம் அஞ்சினார்கள் என்பதை அந்தச் சுவரே சொல்கிறது.

இரண்டாவது, சுவர் ஏன் இப்படி இருக்கிறது? 1519இல் கட்டத் தொடங்கிய பிரான்ஸின் ஷாம்போர், பெரிய சாளரங்களும் உயர்ந்த கூரையும் கொண்ட அரச மாளிகை, போருக்கானதல்ல. யாழ்ப்பாணக் கோட்டையோ ஐங்கோண வடிவம். உயரமான சுவர் பீரங்கிக்கு எளிய இலக்கு என்பதால், தாழ்ந்து தடித்த சுவர்களை எழுப்பினர். ஒரு மூலைக் கொத்தளத்தில் நிற்பவர் அடுத்த கொத்தளத்தின் அடிவாரத்தையும் பார்க்கலாம். எதிரி ஒளிய மறைவிடமே இல்லை.

மூன்றாவது, அது எப்படி வீழ்ந்தது? யாழ்ப்பாணக் கோட்டையின் வெளியரண்களை ஒல்லாந்தர் 1792இல்தான் முடித்தனர். மூன்றே ஆண்டுகளில், 1795இல், பெரிய போரின்றி அது பிரித்தானியரிடம் போனது. அதே ஆண்டில் ஒல்லாந்தரின் தாய்நாடே பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்திருந்தது. காலியும் 1796இல் சண்டையின்றிக் கைமாறியது. காலியின் பழைய வாசலில் இதன் சான்று உண்டு: உட்புறம் ஒல்லாந்தர் கம்பனியின் முத்திரையும் 1669 என்ற ஆண்டும், வெளிப்புறம் பிரித்தானிய அரச சின்னம்.

"நமது மலையகத்தில் இப்படிப் பெரிய கோட்டைகள் இல்லையே" என்று தங்கை கேட்டாள். வாப்பா சொன்னார்: "மலைதான் மகள் இங்கே கோட்டை." உண்மைதான். கண்டி இராச்சியத்துக்கு மலையும் காடும் கணவாயுமே அரண். போர்த்துக்கேயரை 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் கண்டிப் படைகள் தோற்கடித்தன. 1803இல் கண்டியைப் பிடித்த பிரித்தானியப் படையும் அழிந்தது. ஆனால் 1815இல், மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே பகை முற்றியபோது, அதே மலைகள் காக்கவில்லை. கல் அரணாயினும் மலை அரணாயினும் உள்ளே இருப்போரின் ஒற்றுமையில்தான் அதன் பலம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் பிள்ளைகளைக் கோட்டைகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். காலிக் கோட்டைக்குள் இன்றும் வீடுகளும் பள்ளிவாசலும் நீதிமன்றமும் இயங்குகின்றன. படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் நடந்து பாருங்கள். சகோதரிகளே, ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். சுவரை வரைந்து, இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். அப்படிக் கற்ற ஆண்டு எளிதில் மறக்காது.