பூட்டு உடைந்தபின் பொறுப்பு யாருடையது?

காக்கும்படி ஒப்படைத்த பொருள் களவு போனால், இழந்தவருக்கு விடை கூற வேண்டியவர் யார்? களவு செய்தவரா, காக்க ஏற்றவரா? இவ்வினா மிகப் பழையது. நெல் மூட்டையைக் கிடங்கில் இட்ட உழவரும், நகையை ஈடு வைத்துக் கடன் பெற்ற நெசவாளரும் இதன் பொருளை நன்கு அறிவர். இந்நாளில் இதே வினா புதிய உருவில் நம்முன் நிற்கின்றது. பெயர், பிறந்த நாள், முகவரி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடன் பாக்கி என நம்மைப் பற்றிய விவரங்கள் பல கம்பெனிகளின் கணினிகளில் குவிந்து கிடக்கின்றன. ஹேக்கர்கள் எனப்படும் கணினித் திருடர்கள் அவற்றைக் கவர்ந்து செல்லும்பொழுது குற்றம் யாரைச் சாரும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். உண்மையில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, யார் எந்த இடத்தில் தவறினர் என்று படிப்படியாகப் பார்ப்பதே பயன் தரும்.

1. நிகழ்ச்சி

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஈக்விஃபாக்ஸ் என்றொரு கம்பெனி உள்ளது. 1899 ஆம் ஆண்டில் சகோதரர் இருவர் அதனைத் தொடங்கினர். எவர் கடனை ஒழுங்காகத் திருப்பித் தருபவர், எவர் தராதவர் என்று வணிகர்களுக்குத் தெரிவிப்பதே அதன் தொழில். நாளடைவில் அத்தொழில் பெருகிக் கோடிக்கணக்கான மக்களின் கடன் வரலாறு அதன் கைக்குள் வந்தது.

2017 மார்ச்சு 7 ஆம் நாள், இணையதளங்களை அமைக்கப் பலரும் பயன்படுத்தும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் பெரியதோர் ஓட்டை இருப்பது வெளியாயிற்று. அதனை அடைக்கும் திருத்தமும் கிடைத்தது. மறுநாளே அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. 9 ஆம் நாள் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு, 48 மணி நேரத்திற்குள் ஓட்டையை அடைக்கும்படி நானூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. எனினும், தம் கடன் விவரத்தில் பிழை உண்டென்று பொதுமக்கள் முறையிடும் தளம் திருத்தப்படாமலே நின்றது. சில நாள் கழித்து நடத்திய சோதனையும் அவ்வோட்டையைக் கண்டுபிடிக்கவில்லை.

மே மாதம் 13 ஆம் நாள் திருடர்கள் அவ்வழியே நுழைந்தனர். உள்ளே ஒரு கோப்பில் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் மறைகுறியின்றி வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு அத்தளத்தோடு தொடர்பில்லாத 48 தரவுத்தளங்களுக்குள் புகுந்தனர். 76 நாள் அங்கிருந்து, ஏறத்தாழ 9,000 முறை தேடி, வேண்டியவற்றை எடுத்துச் சென்றனர். போக்குவரத்தைக் கண்காணிக்க ஒரு கருவி இருந்தது. ஆயின் அதற்குரிய சான்றிதழ் 19 மாதங்களுக்கு முன்னரே காலாவதியாகி இருந்தமையால் அது குருடாகிக் கிடந்தது. ஜூலை 29 ஆம் நாள் சான்றிதழைப் புதுப்பித்தவுடனே திருட்டு கண்ணில் பட்டது. மறுநாள் தளம் மூடப்பட்டது. செப்டம்பர் 7 ஆம் நாள்தான் பொதுமக்களுக்குச் செய்தி சொல்லப்பட்டது. ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் மக்களின் விவரங்கள் களவு போயின.

இனி ஒவ்வொருவர் பெயரிலும் எவ்வளவு பற்று எழுதலாம் என்று காண்போம்.

2. திருடரின் பற்று

2020 பிப்ரவரியில் அமெரிக்க அரசு, சீன இராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது இத்திருட்டிற்காகக் குற்றஞ்சாட்டியது. சீன அரசு அதனை மறுத்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் வேற்று நாட்டில் இருப்பதால் அவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துதல் எளிதன்று.

திருடியவர் யாராயினும் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. பூட்டு பலவீனமாயிருந்தது என்பது திருடருக்கு மன்னிப்பாகாது. ஆயின் இங்கே ஒரு தவறான எண்ணம் தோன்றுதல் உண்டு. குற்றம் என்பது ஒரே மூட்டை போலவும், அதைத் திருடர் தலையில் ஏற்றிவிட்டால் வேறெவர்க்கும் சுமை இல்லை போலவும் சிலர் பேசுவர். பேரேட்டில் ஒருவர் பெயரில் எழுதிய பற்று மற்றொருவர் பெயரிலுள்ள பற்றைக் கழிப்பதில்லை. திருடரின் குற்றம் களவு. காப்பவரின் குற்றம் கவனமின்மை. இரண்டும் தனித்தனிக் கணக்குகள். வேலியே பயிரை மேய்வது ஒரு குற்றம். வேலி விழுந்து கிடப்பதை அறிந்தும் எழுப்பாதிருப்பது மற்றொரு குற்றம்.

3. ஓர் ஊழியரின் பற்று

கம்பெனியின் தலைமை நிர்வாகியாயிருந்த ரிச்சர்டு ஸ்மித் 2017 செப்டம்பரில் பதவி விலகினார். அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியம் அளித்தபொழுது, திருத்தம் செய்யவேண்டிய செய்தியை உரியவர்க்குத் தெரிவிக்காத ஓர் ஊழியரின் பிழையையும், ஓட்டையைக் காணாத சோதனைக் கருவியையும் காரணங்களாகக் கூறினார்.

இவ்விடை போதுமா? ஒரு சங்கத்தின் நூல் கிடங்கை எண்ணிப் பாருங்கள். இரவில் கதவைத் தாழிட ஒரே பணியாளர்; அவர் தாழிட்டாரா என்று பார்க்க வேறொருவர் இல்லை; காவல் விளக்கு 19 மாதமாக எரியவில்லை; எல்லா அறைகளின் சாவிகளும் முதல் அறைச் சுவரிலேயே தொங்குகின்றன. ஒரு நாள் பணியாளர் மறந்தார். கிடங்கு கொள்ளை போயிற்று. அப்பணியாளர் மறந்தது பிழையே. ஆயினும், ஒருவர் மறதியால் கிடங்கு முழுவதும் காலியாகும்படி ஏற்பாடு செய்து வைத்தவர் யார்? மனிதர் மறப்பர் என்பது நிர்வாகம் முன்னரே அறிந்திருக்க வேண்டிய செய்தி. அதற்காகவே இரண்டாவது கையொப்பமும், இருப்புச் சரிபார்த்தலும், தணிக்கையும் ஏற்பட்டன. 2018 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்றில் பெரும்பான்மைக் கட்சியினரின் அலுவலர்கள் வெளியிட்ட அறிக்கையும், இத்திருட்டு முற்றிலும் தடுத்திருக்கக்கூடியதே என்று முடிவு கூறியது.

4. கம்பெனியின் பற்று

நம் நாட்டின் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151 ஆம் பிரிவு இவ்விடத்தில் நல்லதோர் அளவுகோல் தருகின்றது. பிறர் பொருளைக் கைக்கொண்டவர், சாதாரண முன்யோசனை உடைய ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போன்ற கவனத்தோடு அதனைக் காத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வளவு கவனம் செலுத்தியும் பொருள் போயிற்றெனில், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து அவர் பொறுப்பாளியல்லர் என்று அடுத்த பிரிவு கூறும். விவரங்களுக்கு இச்சட்டம் நேரே பொருந்தும் என்று நாம் கூறவில்லை. நியாயத்தின் அளவுகோலாகவே இதனை எடுத்துக் காட்டுகின்றோம்.

இவ்வளவுகோலால் அளந்தால் கம்பெனியின் தவறுகள் தெளிவாகும். ஓட்டை தெரிந்திருந்தது, மருந்து கையிலிருந்தது, இரண்டு மாதம் காலமும் இருந்தது. ஓர் அறையில் புகுந்தவர் மற்ற அறைகளுக்குச் செல்ல முடியாதபடி தடுப்புச் சுவர் எழுப்பப்படவில்லை.

இதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. விவரம் களவு போன மக்களுட் பெரும்பாலோர் இக்கம்பெனியின் வாடிக்கைக்காரர் அல்லர். அதன் வாடிக்கைக்காரர் வங்கிகளும் வணிகர்களுமே. மக்களின் விவரத்தை அவர்கள் கையிலிருந்து பெறாமல், கடன் கொடுத்தவர்களிடமிருந்து அது திரட்டியது. ஆதலின் மனம் கசந்த மக்கள் அதனை விட்டு வேறிடம் செல்லவும் வழியில்லை. எவர்க்கு நட்டமோ அவர்க்குக் குரல் இல்லை. எவர்க்குக் குரல் உண்டோ அவர்க்கு நட்டம் சிறிது. இந்நிலையில் காவலுக்குச் செலவிடும் பணம் வீண் செலவாகத் தோன்றுதல் இயல்பு. கூட்டுறவு நெறியில் வளர்ந்த நமக்கு இக்குறை எளிதில் விளங்கும்.

5. இழந்தவரின் பற்று

சிலர், விவரத்தைக் கொடுத்த மக்கள் மீதே குறை கூறுவர். எளிய கடவுச்சொல்லை வைப்பதும், வந்த எண்ணைத் தொலைபேசியில் முன்பின் அறியாதவர்க்குச் சொல்வதும் தவறுகளே. ஆயின் நாம் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சியில் மக்கள் செய்திருக்கக்கூடியது ஒன்றுமில்லை. அவர்கள் பெயரில் பற்று எழுத இடமில்லை.

ஆயினும் சுமை அவர்கள் மீதே விழுந்தது. நகை களவு போனால் பெட்டி காலியாகும்; இழப்பு உடனே தெரியும். விவரம் களவு போனாலோ பெட்டி நிறைந்தே இருக்கும். வேறொருவர் கையில் அதன் படி இருப்பது வெளியே தெரியாது. நகைக்கு ஈடாகப் பணம் தரலாம். பிறந்த நாளை மாற்றித் தர எவராலும் இயலாது. ஆதலின், களவு நடந்ததை உடனே தெரிவித்தல் காவல் கடமையின் ஒரு பாதியாகும். இங்கோ கண்டறிந்த பின்னும் ஏறத்தாழ நாற்பது நாள் கழிந்தது.

6. சட்டத்தின் பற்று

2019 ஜூலையில் கம்பெனி குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலரும், அதிக அளவாக 70 கோடி டாலர் வரையும் தர இசைந்தது. கேட்கப் பெருந்தொகைதான். 14 கோடியே 70 லட்சம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஐந்து டாலர் கூடத் தேறாது. கடன் கண்காணிப்புச் சேவை வேண்டாதவர்க்கு 125 டாலர் வரை ரொக்கம் என்று அறிவித்தனர். அதற்கென ஒதுக்கியது 3 கோடியே 10 லட்சம் டாலரே. இரண்டு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் பேர் கேட்டாலே அது தீர்ந்துவிடும். கேட்டவரோ மிகப் பலர். ஆகவே முழுத்தொகையை எதிர்பார்க்க வேண்டாம் என்று அரசு ஆணையமே சொல்ல நேர்ந்தது.

நம் நாட்டில் 2023 ஆம் ஆண்டில் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காவல் செய்யத் தவறியவர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகின்றது. களவு நடந்ததைப் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவர்க்கும் அறிவிக்க வேண்டும் என்கின்றது. 2025 நவம்பரில் விதிகள் வெளிவந்தன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இச்சட்டத்தின்படி வசூலாகும் தண்டம் இந்தியத் தொகுப்பு நிதியைச் சேரும். இழந்தவர் கைக்கு வாராது. தண்டனை ஒன்று, ஈடு மற்றொன்று என்பதை உறுப்பினர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

7. முடிவும் நம் கடமையும்

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது. களவின் குற்றம் திருடர்க்கு. காவாமையின் குற்றம் கம்பெனிக்கு. அதனுள்ளும் தனி ஊழியரினும் நிர்வாகத்திற்கே மிகுதி. உரிய கவனம் முழுதும் செலுத்தியும் திருடர் புகுந்தனராயின் கம்பெனி மீது காவாமைக் குற்றம் இல்லை. எனினும் மறைக்காமல் சொல்லும் கடமை அப்பொழுதும் உண்டு. களவு போனதற்குத் தரும் தண்டனையினும், களவை மறைத்ததற்குத் தரும் தண்டனை கடுமையாதல் நன்று. இன்றேல் மறைப்பதே ஆதாயமாகிவிடும்.

இம்முடிவு பிறர்க்கு மட்டும் உரியதன்று. நம் சங்கங்களும் உறுப்பினரின் ஆதார் படியையும், கணக்குப் புத்தகப் படியையும், கைபேசி எண்ணையும் வைத்துள்ளன. ஆதலின் பின்வருவனவற்றை நிர்வாகக் குழுவின் முன் வைக்கின்றோம். வேண்டாத விவரத்தைக் கேட்டு வாங்கலாகாது. இல்லாத பொருளைத் திருட இயலாது. பயன் முடிந்த படிகளைச் சட்டம் அனுமதிக்கும் காலத்தில் அழித்துவிட வேண்டும். ஒரே கடவுச்சொல்லைப் பலர் பயன்படுத்தலும், அதனை மேசையில் எழுதி ஒட்டலும் ஒழிக. மென்பொருளைப் புதுப்பித்த நாளைப் பதிவேட்டில் எழுதி, வேறொருவர் கையொப்பமிடுதல் வேண்டும். தவறு நேரின் உறுப்பினர்க்கு உடனே அறிவிக்க வேண்டும். இருப்புக் கணக்கைக் கேட்பது போல இக்கணக்கையும் பொதுக்குழுவில் கேட்பது ஒவ்வோர் உறுப்பினரின் உரிமை.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் உறுப்பினர் விவரம் எங்கே, யார் பொறுப்பில் உள்ளது?
2. அவற்றுள் உண்மையில் வேண்டுவன எவை, வேண்டாதன எவை?
3. பொறுப்பாளர் ஒரு நாள் மறந்தால், அதனைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு யாது?
4. இழந்த உறுப்பினர்க்குச் சங்கம் தரக்கூடிய ஈடு எது?