முன்வாசலில் தெரு, பின்வாசலில் கடல்

திருகோணமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் நகரத்தில் தங்குவதில்லை. ரயிலையோ பஸ்ஸையோ விட்டு இறங்கியதும் ஓட்டோ பிடித்து உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ போய்விடுகிறார்கள். கடலில் குளிக்க மட்டும் வந்தவருக்கு அது போதும். ஊரையும் பார்க்க வேண்டும் என்றால் டைக் வீதியில் அறை எடுங்கள்.

பழைய நகரம் ஒடுங்கிய நிலக்கழுத்து ஒன்றில் அமர்ந்திருக்கிறது. வடக்கே பேக் பே, கிழக்கே டச் பே, தென்மேற்கே உட்துறைமுகம். பேக் பே கரையிலிருந்து உட்துறைமுகக் கரைக்கு ஆறுதலாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். டைக் வீதி பேக் பேயை ஒட்டியே போகிறது. அதன் கடற்பக்க வீடுகள் சில இப்போது சிறு விடுதிகள். டைக் ரெஸ்ட் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மதிலும் கேற்றுமாக வீதியிலிருந்து பார்க்கச் சாதாரண வீட்டுத் தோற்றம். உள்ளே போய் விறாந்தையைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தால் மணல், வள்ளங்கள், அலை. வலப்பக்கம் பிரெட்ரிக் கோட்டையும் சுவாமிமலையும் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. நட்சத்திர ஹோட்டல்கள் எவ்வளவு செலவழித்தாலும் இந்தக் காட்சியை உண்டாக்க முடியாது.

முன்பதிவு செய்யும்போது கடற்பக்க அறையைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். அறைகள் கொஞ்சம் என்பதால் சித்திரைப் புத்தாண்டு, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை, பௌர்ணமிப் போயாவை ஒட்டிய நீண்ட வார இறுதிகளில் கடைசி நேரத்தில் கிடைப்பது கடினம். இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிடுவது நல்லது. சின்னக் குசினியில் ஆளுக்கேற்பத்தான் சமைப்பார்கள். இடியப்பமும் சொதியும் சம்பலும் கேளுங்கள், கூட மீன் குழம்பு.

அந்த மீன் எங்கிருந்து வருகிறது என்பதை விடியற்காலையில் பார்க்கலாம். கரைவலை இழுக்கும் நாளாக இருந்தால் அலாரம் தேவையில்லை, ஆட்களின் குரலே எழுப்பிவிடும். இரண்டு கயிறுகள், இரண்டு வரிசை ஆட்கள். இடுப்பில் கட்டிய பட்டியைக் கயிற்றில் கொளுவி, பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து இழுக்கிறார்கள். வரிசையின் கடைசிக்கு வந்தவர் கழற்றிக்கொண்டு தண்ணீர் விளிம்புக்கு ஓடி மறுபடி கொளுவுகிறார். வலையின் மடி கரையேறும்போது சூடையும் கீரியும் துள்ளும், காகங்கள் கூடிவிடும். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கயிற்றில் கைவைக்கக் கூப்பிட்டால் போங்கள். உள்ளங்கை சிவக்கும், அவ்வளவுதான்.

வெயில் ஏறுமுன் கோட்டைக்கு நடந்துவிடலாம். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையை எழுப்பினார்கள். வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டை மீனை இன்றும் காணலாம். அவசரமாகக் கடந்துபோகாமல் நின்று பாருங்கள். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் அந்தப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். புள்ளிமான்கள் மட்டும் எந்தத் தடையுமின்றி உலவுகின்றன. அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், பொலித்தீனையும் சேர்த்தே விழுங்கிவிடும். சம்பந்தர் பாடிய தலம் என்பதால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் நேரே சுவாமிமலை உச்சியில் மீண்டும் எழுந்த கோவிலுக்கே விரைவார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்த பழைய விக்கிரகங்களைத் தவறாமல் பாருங்கள். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் கோவிலின் தூண்களைக் கண்டது இந்தச் சுவாமிமலைப் பாறையின் அடியில்தான். ஏப்ரலில் பொறுமையாக நின்றால் பாறை உச்சியிலிருந்தே நீலத் திமிங்கிலம் மூச்சுவிடுவதைக் காணும் வாய்ப்புண்டு.

திரும்பும் வழியில் பழைய ஆங்கிலேய மயானம் இருக்கிறது. 1852இல் பர்மாவில் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் புதைக்கப்பட்டது இங்கேதான். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி அவர்.

மாலைக்கு உட்துறைமுக வீதி. டச்சுக்காரர் காலத்துக் கட்டடத்தில் நடக்கும் டச் பாங்க் கபேயில் உட்கார்ந்தால் எதிரே வெயில் சாயும் துறைமுகம் தெரியும். ஏராளமான கப்பல்களை ஒளித்து வைக்கக்கூடிய ஆழமான குடாவுக்காக எத்தனை கொடிகள் ஏறி இறங்கின என்பது அங்கிருந்து பார்த்தால் விளங்கும். கடற்படைத் தளத்துக்குள் போக அனுமதி வேண்டும். துறைமுகத்துக்குள்ளேயே இரவு தங்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கடற்படை நடத்தும் சோபர் தீவு விடுதி உண்டு. முன்கூட்டியே பதிந்து படகில் போக வேண்டும், இரண்டாம் உலக யுத்தகாலப் பீரங்கித் தளங்கள் மரங்களுக்கிடையே அப்படியே நிற்கின்றன. ஆனால் ஊர்ச்சத்தம் அங்கே எட்டாது. எனக்கு அது பெரிய இழப்பு.

ஏனென்றால் டைக் வீதி விடுதியில் தங்குகிறவர் ஊரோடு சேர்ந்தே தங்குகிறார். கோவில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள் மணி எல்லாம் அறைக்குள் வரும். மகா சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வந்தால், வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைத்திருப்பதைப் பார்க்கலாம். அமைதி தேடுகிறவர் உப்புவெளிக்கே போகட்டும்.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று நேரே பேக் பேயில் மோதும். வள்ளங்களை மேலே இழுத்துவிடுவார்கள், குளிப்பது ஆபத்து. வாடகையைக் குறைத்துக் கேட்கலாம். மழைச்சட்டையும் காய நேரமெடுக்காத உடுப்பும் கொண்டுவாருங்கள்.