மதில் கட்டிய புதல்வியர்

கட்டட வேலையில் பெண்களுக்கு வழி திறந்தவர்களிடம் நாம் கற்கும் பாடம்



வேதாகமத்தில் நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல் போலத் தோன்றும். அதனால் பலர் அதை வாசிக்காமல் தாண்டிப் போவதுண்டு. அந்நிய நாட்டுக்குச் சிறைப்பட்டுப் போன ஒரு மக்கள் கூட்டம் ஊர் திரும்பி, இடிந்து கிடந்த எருசலேமின் மதிலை மீண்டும் எழுப்பிய வரலாறே அது. யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. குருக்கள் கட்டினார்கள். பொற்கொல்லர் கட்டினார்கள். தைலம் செய்பவர்களும் வணிகர்களும் கட்டினார்கள். எரிகோ ஊரவர்கள் வந்து கைகொடுத்தார்கள். தெக்கோவா ஊர்ப் பெரியவர்கள் மட்டும் இந்த வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை என்பதும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது.

12ஆம் வசனத்தைக் கவனியுங்கள். எருசலேமின் பாதிப் பகுதிக்கு அதிகாரியாக இருந்த சல்லூம் என்பவரும் அவருடைய புதல்வியரும் மதிலின் ஒரு பகுதியைப் பழுதுபார்த்தார்கள் என்று அது கூறுகிறது. சல்லூம் பதவியில் இருந்தவர். தம் புதல்வியரையும் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார். பெண்கள் செய்த வேலை பெண்கள் செய்ததாகவே ஏட்டில் பதியப்பட்டது. ஆனால் அந்தப் புதல்வியரின் பெயர்கள் பதியப்படவில்லை. இன்றும் கட்டட வேலையில் பெண்களுடைய நிலை ஏறக்குறைய இதுதான். அவர்களுடைய உழைப்பு இருக்கிறது, பெயர் இருப்பதில்லை.

இந்த நிலையை மாற்ற முன்வந்த சிலரைப் பற்றியும், அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை பற்றியும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. இது ஏன் எம்முடைய விடயம்?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று வாழ்நாளில் பல தடவை வீடு கட்டுகிறது. முதலில் மரத்தடியில் ஒரு தறப்பாள். பிறகு கிடுகுக் கொட்டில். பிறகு தற்காலிக வீடு. கடைசியில், கிடைத்தால், கல்வீடு. கிடுகு பின்னுவதும், மண் குழைப்பதும், திண்ணை மெழுகுவதும், தண்ணீர் சுமப்பதும் பெரும்பாலும் பெண்களே. ஆனால் கல்வீடு என்றதும் பெண் ஓரமாக நின்று தேநீர் ஊற்றிக் கொடுப்பவளாக ஆகிவிடுகிறாள்.

2012 முதல் வடக்கிலும் கிழக்கிலும் நடைமுறைப்படுத்தப்பட்ட இந்திய வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே கட்டுவித்தார்கள். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. இப்படியான முறையில் குடும்பமே மேசனைத் தேடவேண்டும், பொருள் வாங்கவேண்டும், வேலையை மேற்பார்க்கவேண்டும். கணவனை இழந்த ஒரு தாய்க்கு இது எவ்வளவு பாரம் என்று நாம் சொல்லத் தேவையில்லை. சீமெந்து எத்தனை பை போனது, சுவர் நேராக நிற்கிறதா, கலவை சரியா என்று அவளுக்குத் தெரியாவிட்டால், மற்றவர் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொடுப்பதைவிட வேறு வழியில்லை. பணம் முடிந்து கூரை ஏறாத வீடுகள் இப்படித்தான் உண்டாகின்றன. ஆகவே பெண் கட்டட வேலை அறிவது அலங்காரத்துக்கான காரியமன்று. கடனில் விழாமல் குடும்பத்தைக் காக்கும் காரியம்.

2. கேட்டுக் கட்டியவர்: மினெட் டி சில்வா

இலங்கையின் முதலாவது பெண் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1918இல் கண்டியில் பிறந்தவர். இவருடைய தாயார் அக்னெஸ், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் பாடுபட்டவர்களுள் ஒருவர். அந்த உரிமை 1931இல் இலங்கைப் பெண்களுக்குக் கிடைத்தது. மகள் பம்பாயிலும் லண்டனிலும் கட்டடக்கலை பயின்று, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் அங்கத்துவம் பெற்றார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே.

நாடு திரும்பிக் கண்டியில் தொழிலைத் தொடங்கினார். நெசவாளர், மட்பாண்டத் தொழிலாளர் போன்ற கிராமத்துக் கைவினைஞர்களைத் தம் கட்டடங்களில் சேர்த்துக்கொண்டார். தும்பரப் பாய் நெய்பவர்களின் கைவேலை அவர் கட்டிய வீடுகளில் இடம்பெற்றது. தரையில் விரிக்கும் பாய்க்கு வீட்டின் அமைப்பிலேயே ஓர் இடம் கொடுத்தார்.

எமக்கு முக்கியமானது கண்டி வட்டபுலுவவில் 1958இல் நிறைவேறிய வீடமைப்புத் திட்டம். பல இனத்தவரும் வெவ்வேறு வருமானம் உள்ளவர்களும் குடியேறவிருந்த இடம் அது. எல்லோருக்கும் ஒரே அச்சில் வீடு வார்க்காமல், குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாப் பத்திரம் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எது தேவை என்று கேட்டறிந்தார். கிடைத்த விடைகளைக் கொண்டு பல மாதிரி வீடுகளை வகுத்தார். குடியிருப்பவரைக் கேட்டுக் கட்டுவது அந்நாளில் புதுமையாக இருந்தது. 1998இல் அவர் காலமானார்.

முதற் பாடம் இதுதான்: வீட்டில் வாழப்போகிறவரைக் கேளாமல் வீட்டை வரையக் கூடாது.

3. கற்றுக்கொடுத்தவர்: யாஸ்மீன் லாரி

பாகிஸ்தானின் முதலாவது பெண் கட்டடக் கலைஞரான யாஸ்மீன் லாரி 1941இல் பிறந்தவர். இங்கிலாந்தில் பயின்று, 1964இல் கராச்சியில் தொழிலை ஆரம்பித்தார். லாகூரில் ஏழைக் குடும்பங்களுக்காக 1973இல் அவர் அமைத்த வீடமைப்பில், கோழி வளர்க்கவும் காய்கறி நடவும் திறந்த மாடங்கள் வைத்தார். பிற்காலத்தில் நிறுவனங்களுக்கான பெரிய மாளிகைகளையும் வரைந்து புகழ்பெற்றார்.

2000இல் அவர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. 2010இல் சிந்து நதி பெருக்கெடுத்து, இலட்சக்கணக்கான கமக்காரக் குடும்பங்களை வீடற்றவர்களாக்கியது. ஓய்விலிருந்த அம்மையார் மலைக் கிராமங்களுக்கும் வெள்ளத்தால் அழிந்த கிராமங்களுக்கும் போனார். விலை கூடிய சீமெந்தையும் இரும்பையும் விட்டு, மண், சுண்ணாம்பு, மூங்கில் ஆகியவற்றைக் கொண்டு குறைந்த செலவில் வீடு கட்டும் முறைகளை வகுத்தார். தாமே கட்டிக் கொடுத்துவிட்டுப் போகாமல், அங்குள்ளவர்களுக்குக் கட்டப் பழக்கினார். பழகியவர்களில் பெண்கள் பலர்.

அவர் வகுத்த மண் அடுப்பு ஒரு நல்ல உதாரணம். நிலத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்த பெண்கள் புகையில் கண் எரிந்தார்கள். வெள்ளம் வந்தால் அடுப்பே கரைந்தது. லாரி அம்மையார் மண்ணாலும் சுண்ணாம்பாலும் உயர்ந்த மேடையொன்றைக் கட்டி, புகைபோக்கியோடு அடுப்பை அதன்மேல் அமைத்தார். பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் ஊர் ஊராகப் போய், அயலவர்களுக்கு அடுப்புக் கட்டப் பழக்கி, அதற்குச் சிறு கட்டணம் பெற்றார்கள். இந்த அடுப்புத் திட்டம் 2018இல் உலக வாழிட விருதைப் பெற்றது. 2023இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் தங்கப் பதக்கம் அம்மையாருக்கு வழங்கப்பட்டது.

அவர் பயன்படுத்திய மூங்கிலை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. எம்மிடம் பனையும் தென்னையும் களிமண்ணும் உண்டு. பின்பற்றவேண்டியது அவருடைய முறை. இது இரண்டாவது பாடம்: வீட்டைக் கொடுப்பதோடு நிற்காமல், கட்டும் அறிவையும் கொடுக்கவேண்டும்.

4. தொழிலுக்கு ஒரு பெயர்

மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவரை யாழ்ப்பாணப் பக்கத்தில் ‘முட்டாள்’ என்பார்கள். தமிழ்நாட்டில் ‘சித்தாள்’ என்பார்கள். அங்கே பெண்கள் இருபது, முப்பது வருடங்கள் கல் சுமந்தாலும் கடைசிவரை சித்தாளாகவே இருப்பதுண்டு. கூட வேலைக்கு வந்த பையன் நாலைந்து வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். பையனுக்குக் கரண்டி கொடுக்கப்பட்டது, பெண்ணுக்குச் சட்டி கொடுக்கப்பட்டது. வேறுபாடு அவ்வளவே. கூலி வித்தியாசம் அதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தியாவின் குஜராத்தில் எலா பட் அம்மையார் 1972இல் தொடங்கிய சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம், 2003இல் கட்டடத் தொழிலாளருக்கென ‘கார்மிகா’ என்ற பயிற்சிப் பாடசாலையை நிறுவியது. தலைச்சுமை தூக்கிய பெண்கள் அங்கே கொத்து வேலையை முறையாகப் பயின்றார்கள்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2014க்குப் பிறகு கிராமந்தோறும் மலசலகூடங்கள் கட்ட வேண்டியிருந்தபோது, போதிய மேசன்மார் இல்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இந்தியில் மேசனுக்கு ‘ராஜ் மிஸ்திரி’ என்று பெயர். ராஜா என்ற சொல் அதில் இருப்பதால், பெண்களை ‘ராணி மிஸ்திரி’ என்று அழைத்தார்கள். பெயர் கிடைத்ததும் ஊராரின் பார்வை மாறியது.

மூன்றாவது பாடம்: பழகிய வேலைக்குரிய பெயரையும், அந்தப் பெயருக்குரிய கூலியையும் கொடுக்கவேண்டும்.

5. எமது கிராமத்தில் என்ன செய்யலாம்?

அ) வரைபடத்தைக் கேளுங்கள். வீட்டுத் திட்டம் வரும்போது படத்தை விளக்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் நிலத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதற்குள் நடந்து பாருங்கள். அடுப்படிப் புகை எங்கே போகும், நெல் மூடை எங்கே வைப்பது, மலசலகூடத்துக்கு இரவில் பயமில்லாமல் போகலாமா என்று பெண்கள் கேட்கவேண்டும். அத்திவாரம் வெட்டியபின் கேட்பது காலங் கடந்த கேள்வி.

ஆ) மூலை பார்க்கப் பழகுங்கள். மூலையில் ஒரு கட்டை அடித்து இரண்டு பக்கமும் கயிறு பிடியுங்கள். ஒரு கயிற்றில் 3 அடியிலும் மற்றதில் 4 அடியிலும் அடையாளம் இடுங்கள். இரண்டு அடையாளங்களுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை சரி. கூடினால் மூலை விரிந்திருக்கிறது; குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவரும் ஒரு பொழுதில் இதைக் கற்கலாம்.

இ) தண்ணீர் ஊற்றுவதன் காரணத்தை அறியுங்கள். அரிந்த கல்லுக்கும் பூச்சுக்கும் தண்ணீர் ஊற்றுவது பெண்களின் வேலையாகவே இருக்கிறது. சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்தே இறுகுகிறது. குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் வைத்தால்தான் கல் உரம் பெறும். வீட்டின் பலம் இந்த வேலையில் தங்கியிருப்பதால், இதைச் செய்பவருக்கும் கட்டியவரென்ற மதிப்பு உண்டு.

ஈ) இருவர் இருவராகப் பழகுங்கள். ஒரு பெண் தனியே சாரத்தில் ஏறினால் ஊர் பேசும். இருவர் சேர்ந்து போனால் ஒருவருக்கொருவர் துணை. மாதர் சங்கம் பிள்ளைகளைப் பார்க்க ஒருவரை ஒழுங்கு செய்யவேண்டும். வேலைத்தலத்தில் பெண்களுக்கு மறைவான மலசலகூடமும் வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் பயிற்சி மட்டும் வைத்தால் பெண்கள் பாதியில் நின்றுவிடுவார்கள்.

உ) எழுதி வையுங்கள். வாங்கிய சீமெந்துப் பை, மணல் லோட், கொடுத்த கூலி எல்லாம் ஒரு கொப்பியில் திகதியோடு இருக்கட்டும். அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் முடிந்தபின்னே பணம் கொடுப்பதாக மேசனோடு முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊ) விடுபட்டவர்களைச் சேருங்கள். கட்டடக் குழுவில் கணவனை இழந்தவர்களும், காணியில்லாதவர்களும், போரில் கால் இழந்தவர்களும் இருக்கவேண்டும். சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதைக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். குழுவில் அப்படிப்பட்ட ஒருவர் இருந்தால் பொதுமண்டபத்தின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாதையும் மறக்கப்படாமல் வரும்.

ஆண்களுக்கும் ஒரு சொல். சல்லூம் தம் அதிகாரத்தை இழந்தா புதல்வியருக்கு இடம் கொடுத்தார்? மேசன் தொழில் தெரிந்த தகப்பனோ அண்ணனோ வீட்டுப் பெண்ணின் கையில் ஒரு நாளாவது தூக்குக் குண்டையும் கரண்டியையும் கொடுத்துப் பார்க்கட்டும். அதற்குப் பெரிய பதவி தேவையில்லை.

எருசலேமின் மதில் 52 நாளில் கட்டி முடிந்தது என்று நெகேமியா எழுதுகிறார். தொழில் தெரிந்த மேசன்மாருக்காக மட்டும் காத்திருந்தால் அது நடந்திருக்குமா?

கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தில் கடைசியாகக் கட்டிய வீட்டில் பெண்கள் செய்த வேலைகள் எவை? அவற்றுள் கூலி கிடைத்தவை எவை?

2. எமது வீட்டுப் படத்தை யார் வரைந்தார்கள்? வரையுமுன் யாரைக் கேட்டார்கள்?

3. கட்டட வேலை பழக விரும்பும் இரண்டு பெண்கள் எம்மிடையே உண்டா? அவர்களுக்குப் பழக்க முன்வரும் மேசன் யார்? அவர்களின் பெயர்களை இன்றைய கூட்ட அறிக்கையில் எழுதுங்கள்.

4. நெகேமியா 3ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். எமது ஊர்ப் பொதுமண்டபத்தைக் கட்டியவர்களின் பட்டியலை இதுபோல எழுதினால் யார் யாருடைய பெயர்கள் வரவேண்டும்?