முருகைக்கற்பாறையில் ஊரும் உயிர்களை எண்ணுவது ஏன்?

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரையோரமாக ஏறத்தாழ 2,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடப்பது பெருந்தடுப்பு முருகைக்கற்பாறைத் தொடர். பவளப்பாறை எனவும் இது வழங்கப்படும். இதனைக் கட்டியெழுப்பும் முருகை உயிர்கள் ஓரிடத்திலேயே நிலைத்து வாழ்வன. அவற்றினிடையே ஊர்ந்து திரியும் முள்ளந்தண்டிலிகளோ பற்பல. நட்சத்திரமீன், கடல் முள்ளெலி, கடலட்டை, நண்டு, சிங்கிறால், சங்கு என்பன அவற்றுட் சில. இவற்றை ஆண்டுதோறும் எண்ணிப் பதிவு செய்வதன் பயன் யாது என்பதை இரு வரலாறுகளின் வழியே ஆராய்வோம்.

மிகுந்ததால் வந்த கேடு

முட்கிரீட நட்சத்திரமீன் உயிருள்ள முருகையையே உணவாகக் கொள்வது. உடலெங்கும் நச்சு முட்களை உடையது. வளர்ந்த ஒன்று ஓராண்டில் ஏறத்தாழ 10 சதுர மீற்றர் பரப்பிலுள்ள முருகையைத் தின்றுவிடும். தொகை குறைவாயிருக்கும்வரை பாறைக்குப் பெருந்தீங்கு இல்லை. ஆனால், ஒரு பெண் உயிரி ஒரு பருவத்தில் கோடிக்கணக்கான முட்டைகளை இடவல்லது. ஆதலால் வாய்ப்பு அமையுமிடத்து இவை பெருங்கூட்டமாகப் பெருகிவிடுகின்றன.

இத்தகைய பெருக்கம் 1962 ஆம் ஆண்டில் கேன்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள கிறீன் தீவில் அறியப்பட்டது. பின்னரும் பலமுறை நிகழ்ந்தது. டவுன்ஸ்வில்லில் உள்ள அவுஸ்திரேலியக் கடல் விஞ்ஞான நிறுவனம் 1980களின் நடுப்பகுதியிலிருந்து இத்தொடரைக் கண்காணித்து வருகின்றது. 1985 முதல் 2012 வரையான பதிவுகளை ஆராய்ந்தபோது, முருகையின் பரப்பு 28 சதவீதத்திலிருந்து 13.8 சதவீதமாகக் குறைந்தமை தெரியவந்தது. அவ்விழப்பில் 48 சதவீதம் சூறாவளியாலும், 42 சதவீதம் முட்கிரீட நட்சத்திரமீனாலும், எஞ்சியது முருகை வெளிறுவதாலும் நேர்ந்தவை எனக் கணிக்கப்பட்டது. இன்று சுழியோடிகள் பித்த உப்புக் கரைசலை ஊசிமூலம் ஏற்றி இவற்றை அழிக்கின்றனர். எப்பாறைக்கு முதலிற் செல்வது என்பதை எண்ணிக்கையே காட்டுகின்றது.

குறைந்ததால் வந்த கேடு

கரீபியன் கடலில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. அங்கு நீண்ட கரிய முட்களையுடைய கடல் முள்ளெலி, பாறையிற் படரும் பாசியை மேய்ந்து வந்தது. 1983 சனவரியில் பனாமாக் கரையோரத்தில் இவை இறக்கத் தொடங்கின. ஏறத்தாழ ஓராண்டுக்குள் அக்கடல் முழுவதும் இச்சாவு பரவிற்று. பல இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை மடிந்தன. மேய்வார் இல்லாத பாறையைப் பாசி மூடியது. மீன்கள் மிகையாகப் பிடிக்கப்பட்டு, 1980 இல் சூறாவளியும் தாக்கியிருந்த ஜமைக்காவில், 1970களின் பிற்பகுதியில் 50 சதவீதத்துக்கு மேலிருந்த முருகை 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழிறங்கியது. 2022 இலும் அக்கடலில் இம்முள்ளெலிகள் பெருந்தொகையாய் மடிந்தன. அதற்குக் காரணமான நுண்ணுயிரி 2023 இல் இனங்காணப்பட்டது.

எண்ணும் முறை

நகரும் உயிர்களை எண்ணுதல் எளிதன்று. பல பகலில் இடுக்குகளில் ஒளிந்து, இரவில் வெளிவருவன. எனவே ஒரே இடத்தில், ஒரே முறையில், ஒத்த காலத்தில் எண்ணுதல் வேண்டும். பெரும்பரப்பை ஆராய, சிறு படகொன்று மெதுவாக இழுத்துச் செல்லும் பலகையைப் பற்றிக்கொண்டு ஆய்வாளர் நீரின் மேற்பரப்பில் மிதந்தவாறு கீழே நோக்குவார். இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை படகு நிற்கும். கண்டவற்றை அவர் குறித்துக்கொள்வார். நட்சத்திரமீன் கண்ணிற் படாவிடினும், அது தின்ற இடத்தில் எஞ்சும் வெண்தழும்பு குறிக்கப்படும். ஒன்றுமே இல்லையெனின் சுழியம் எழுதப்படும். அச்சுழியமும் ஒரு செய்தியே. அடுத்த ஆண்டில் பத்து தோன்றின், அது பெருக்கத்தின் தொடக்கம் என அறிவிப்பது முன்னெழுதிய சுழியமே அன்றோ?

மன்னார் வளைகுடாவிலும் முருகைக்கற்பாறைகள் உள்ளன. அக்கடலின் சங்கும் கடலட்டையும் தமிழர் தொழிலோடு நெடுங்காலத் தொடர்புடையன. எவ்வளவு எடுத்தால் அவை அழியாதிருக்கும் என்னும் வினாவுக்கும் ஆண்டாண்டாய் எண்ணுவோரே விடை கூறவல்லார். முன்னிருந்த அளவை அறியாதவர்க்கு இழந்த அளவும் தெரியாது. மாணவர்களே, பொறுமையோடு எழுதப்படும் குறிப்பேடும் ஒரு காவல் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. கடல் முள்ளெலிகள் மடிந்ததால் முருகை குறைந்தது எவ்வாறு?
2. சுழியம் என்னும் பதிவின் பயன் யாது?
3. உம் வீட்டுத் தோட்டத்து உயிரினம் ஒன்றை வாரந்தோறும் ஒரே நேரத்தில் எண்ணி, மூன்று மாதம் பதிவு செய்க.